"அங்கிள் நல்லவர்தான்": போதை வியாபாரியை ஊர் ஏன் கொண்டாடுகிறது? சாட்ஸ்வொர்த்திலிருந்து கேள்வி பதில்

இதை எழுதுவது யார், யாருக்காக?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பிள்ளைகள் போதையில் விழுந்த வீடுகளுக்குப் போய்வரும் சிலரில் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது: "போதை விற்றவர் செத்ததற்கு உங்கள் ஊரில் இத்தனை பேர் அழுகிறார்களே, ஏன்?" உள்ளூர்ப் பிள்ளைகள் கேட்பது: "அந்த அங்கிள் எல்லாருக்கும் உதவி செய்தவர்தானே, அவரை ஏன் திட்டுகிறீர்கள்?" இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2021இல் நடந்தது என்ன? யார் அந்த 'டெடி மாஃபியா'?

சாட்ஸ்வொர்த்தை ஒட்டி ஷால்க்ராஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே டாரஸ் தெருவில் வாழ்ந்தவர் யகநாதன் பிள்ளை. ஊரில் அவர் பெயர் டெடி மாஃபியா. பெரிய போதை வியாபாரி என்று போலீசும் பத்திரிகைகளும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர். 2021 ஜனவரி 4 அன்று அவர் வீட்டுக்கு வந்த இருவர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். திரண்டு வந்த கூட்டம் அந்த இருவரையும் பிடித்துக் கொன்று, தலையை வெட்டி, நடுத்தெருவில் எரித்தது. அந்தப் படங்கள் ஒரே நாளில் உலகம் சுற்றின.

வெளியூர்க்காரர்கள் அந்தக் கொடூரத்தைப் பார்த்தார்கள். எங்களை அதிகம் உறுத்தியது அடுத்த சில நாட்களில் கேட்ட பேச்சு. ஏழைகளுக்குக் கொடுத்தவர், கஷ்டம் என்று போனவரை வெறுங்கையோடு அனுப்பாதவர் என்று பலர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். அவர்கள் யாரும் காசு வாங்கிக்கொண்டு அப்படிப் பேசவில்லை. பலர் உண்மையாகவே அழுதார்கள்.

போதை விற்ற ஒருவரை நல்லவர் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இதற்குப் பதில் சொல்ல அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

சாட்ஸ்வொர்த் தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1950இல் வந்த இன வாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியர்களைப் பிடுங்கி, 1960களில் இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். நகரசபைக்கு வேலை செய்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸும் அப்படித்தான் காலியானது. அங்கே வசதி ஒன்றும் இல்லை. ஆனால் கோயில் இருந்தது, பந்தாட்டக் குழு இருந்தது, கூத்து இருந்தது, சாவு விழுந்த வீட்டில் அன்றிரவே வந்து உட்காரும் ஆட்கள் இருந்தார்கள். அந்த வலையைக் கிழித்து, ஒரே மாதிரி வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் எண் போட்டு, யூனிட் யூனிட்டாகப் பிரித்துக் குடியேற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாமல் பல குடும்பங்கள் புதிதாகத் தொடங்கின.

இருந்தாலும் வேலை இருந்தது. டர்பன் துணி ஆலைகளிலும் தையல் தொழிற்சாலைகளிலும் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நிறவெறி ஆட்சி முடிந்தபின் இறக்குமதி வரி குறைந்தது, மலிவான துணி வந்து குவிந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சம்பளம் நின்றால் முதலில் வாடகை நிற்கும், அப்புறம் லைட் பில். 1999, 2000 வாக்கில் வாடகை பாக்கி வைத்த அடுக்குமாடிக் குடும்பங்களை டர்பன் நகரசபை ஆள் வைத்து வெளியேற்ற வந்தது. ஆயாக்கள், அதாவது பாட்டிமார், படிக்கட்டில் உட்கார்ந்து தடுத்தார்கள். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடத்துக்குள், தான் ஓட்டுப் போட்ட ஆட்சியின் ஆட்கள் வீட்டுச் சாமான்களைத் தெருவில் எறிவதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

இப்போது அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசி. லைட் வெட்டிவிட்டார்கள். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி. கட்டணத்திலிருந்து விலக்குப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அதற்குப் படிவம், சம்பளச் சான்று, அலுவலக வாசலில் நாள் கணக்கில் நிற்பது. அரசின் சமூக உதவி நிறுவனமான சாசா தரும் உதவித்தொகைக்கும் அதே வரிசைதான். இந்த நேரத்தில் தெருக்கோடி வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவரிடம் படிவம் கிடையாது. சம்பளச் சான்று கேட்க மாட்டார். "எவ்வளவுமா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பார். தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு ஹேம்பர் வரும்: அரிசி, எண்ணெய், பருப்பு, டின் மீன். யாராவது இறந்தால் பெட்டிக்கும் தகனத்துக்கும் வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் அவர் பார்த்துக்கொள்வார். தொகை பெரிதில்லை. அன்றைக்கே கிடைக்கிறது, முகம் சுளிக்காமல் கிடைக்கிறது. அந்த முகத்தைத்தான் மக்கள் மறப்பதில்லை.

நன்றி சொல்பவரை முட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அவர் வீட்டில் அன்று விளக்கு எரிந்தது உண்மை. அதை மறுத்துவிட்டுத் தொடங்கும் எந்தப் பிரசாரமும் எங்கள் ஊரில் எடுபட்டதில்லை.

அந்தக் கொடைக்கான பணம் எங்கிருந்து வருகிறது?

அதே தெருவிலிருந்துதான்.

முன்பு இங்கே மாண்ட்ராக்ஸ் என்ற போதை மாத்திரை இருந்தது. 2005 வாக்கில் 'சுகர்ஸ்' என்ற பெயரில் மட்டமான ஹெராயின் கலவை வந்தது. விலை குறைவு. புகைத்த பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. சில வாரத்தில் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கிவிடும். கிடைக்காத நாளில் வயிறு முறுக்கும், எலும்பெல்லாம் வலிக்கும், குளிரும், வியர்க்கும். அதை இங்கே 'ரோஸ்டா' என்பார்கள். ரோஸ்டா வந்த பிள்ளை வீட்டில் எதையும் விட்டுவைக்காது. அம்மாவின் கம்மல், டிவி, பாத்ரூம் குழாய், ஆயாவின் பித்தளைக் குத்துவிளக்கு, எல்லாம் போகும். தாலிக்கொடியைத் தலையணைக்குள் தைத்து வைத்துத் தூங்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பித்தளை விளக்கு பழைய சாமான் கடைக்குப் போய், காசாகி, மெர்ச்சண்ட் (போதை வியாபாரியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கைக்கு வருகிறது. அதில் ஒரு சிறு பங்கு தீபாவளிக்கு ஹேம்பராகத் திரும்புகிறது. வாங்குகிற வீடும் இழக்கிற வீடும் பல நேரம் ஒன்றேதான். ஆனால் ஹேம்பர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, கொடுத்தவர் பெயரோடு வருகிறது. இழப்பை அந்தந்த வீடு வெட்கத்தோடு உள்ளே பூட்டி வைத்துக்கொள்கிறது. மகன் திருடினான் என்று எந்தத் தாய் ஊரைக் கூட்டிச் சொல்வாள்? கொடை பகிரங்கமாக நடக்கிறது, சேதம் மூடிய கதவுக்குள் நடக்கிறது. வியாபாரியின் நல்ல பெயர் இத்தனை காலம் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

மக்கள் பயத்தில் புகழ்கிறார்களா, பாசத்தில் புகழ்கிறார்களா?

இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று அந்த மனிதருக்கே தெரியாது. பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுத்த அதே ஆளின் பையன்கள்தான், போலீசுக்குப் பேசியவர் வீட்டு வாசலில் இரவில் வந்து நிற்பார்கள். சாட்சிப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் சேர்ந்தால் வீடு, வேலை, கோயில், சொந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெயர் தெரியாத ஊருக்குப் போக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கி நடப்பட்ட குடும்பம் அதற்கு எப்படிச் சம்மதிக்கும்? அதனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் மூடிய வாய் வெளியாட்களுக்கு விசுவாசமாகத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. தன் தெருவில் திருட்டு நடக்கக் கூடாது என்று சில வியாபாரிகள் கட்டளை போட்டு வைப்பார்கள். போலீஸ் அடிக்கடி வரக் கூடாது என்பதற்காகப் போடும் கட்டளை அது. ஆனாலும் துணி காயப்போட்டால் மாலையில் அது அங்கேயே இருக்கும். போலீசைக் கூப்பிட்டால் எப்போது வருவார்கள் என்று தெரியாத இடத்தில் அதுவும் ஒரு பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

இது இந்தியர்கள் இருக்கிற பகுதியில் மட்டும்தானா?

இல்லவே இல்லை. கேப் டவுனின் மானன்பர்க்கில் ஹார்ட் லிவிங்ஸ் கும்பலின் ஸ்டேகி சகோதரர்கள் ஒரு காலத்தில் காரிலிருந்து கூட்டத்துக்குப் பணத்தை வீசினார்கள். அதே நகரின் வல்ஹல்லா பார்க்கில் காலின் ஸ்டான்ஃபீல்ட், வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டிக் கொடுப்பவர் என்று பேர் வாங்கியவர். கும்பல் தலைவர் என்று எல்லாருக்கும் தெரிந்தும், கடைசியில் அவரைத் தண்டிக்க முடிந்தது வரி ஏய்ப்பு வழக்கில்தான். 2004இல் புற்றுநோயால் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் பெரும் கூட்டம்.

உலகத்துக்கே தெரிந்த பெயர் கொலம்பியாவின் போதை வியாபாரி பாப்லோ எஸ்கோபார். மெடெயின் நகரின் குப்பைமேட்டில் வாழ்ந்த குடும்பங்களுக்கு நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டிக் கொடுத்தார். அந்தக் குடியிருப்பு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. அங்கே சில வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் இருக்கிறது. அதே எஸ்கோபாரின் கூட்டம்தான் 1989 நவம்பரில் ஒரு பயணிகள் விமானத்தில் குண்டு வைத்தது. உள்ளே இருந்த 107 பேரும் செத்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே பணம்.

ஜமைக்காவில் போதைக் கும்பல் தலைவர் கிறிஸ்டபர் கோக். கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸ் மக்கள் அவரைத் தலைவர் என்றே அழைத்தார்கள். 2010 மே மாதம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப அரசு முடிவெடுத்தபோது, பெண்கள் வெள்ளை உடுத்தி அவருக்காக ஊர்வலம் போனார்கள். பாதுகாப்புப் படை உள்ளே நுழைந்ததில் 70 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கோக் அவர்களில் ஒருவர் இல்லை. அவர் அடுத்த மாதம் உயிரோடு பிடிபட்டார். அவருக்காக நின்ற தெரு செத்தது, அவர் பிழைத்தார். இந்தக் கதையை எங்கள் பையன்களுக்கு நான் தவறாமல் சொல்வேன்.

பர்மாத் தமிழர்களுக்குக் குன் சா பெயர் தெரிந்திருக்கும். ஷான் மாநிலத்தில் அபின், ஹெராயின் ராஜ்ஜியம் நடத்தியவர். ஷான் மக்களின் விடுதலைக்காகத்தான் என்று சொன்னார், படை வைத்திருந்தார். 1996 ஜனவரியில் ராணுவ அரசிடம் சரணடைந்து, யாங்கோனில் வசதியாக வாழ்ந்து, 2007இல் படுக்கையில் இறந்தார். ஷான் மலைகளில் அபினுக்கான கசகசா பயிர் இன்னும் ஓயவில்லை.

இடம், மொழி, மதம் எல்லாம் வேறு வேறு. அரசு வரிக்கும் அடிக்கும் மட்டுமே வருகிற இடமாக இருப்பதுதான் இவற்றில் பொது.

நாமே கள்ளனைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள்தானே? மதுரை வீரன், காத்தவராயன் எல்லாம்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஒரு தாத்தா, இளவயதில் இங்கே தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர்.

கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பெரிய கோயில் சாமிகளை மட்டும் கொண்டுவரவில்லை. மதுரை வீரனும் முனீஸ்வரனும் கூடவே வந்தார்கள். ராஜாவால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன், கழுவேற்றப்பட்டவன், அவர்களைக் கும்பிடுவது நமக்கு இயல்பு. அதிகாரம் கொன்றவனைச் சனங்கள் எடுத்துக் கும்பிடுவது பழைய வழக்கம். 1920களில் திருநெல்வேலிச் சீமையில் சுற்றிய செம்புலிங்கத்தைப் பற்றிக் கதைப்பாட்டே உண்டு. பணக்காரனிடம் பறித்தான், ஏழைக்குக் கொடுத்தான் என்று பாடுவார்கள்.

அந்தப் பாட்டை நன்றாகக் கேளுங்கள். பறித்தது யாரிடம்? மேலே இருந்தவனிடம், வட்டிக்காரனிடம், களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவனிடம். தன் சனத்தின் பிள்ளைக்கு விஷம் விற்றுக் காசு சேர்த்தான் என்று எந்தக் கதைப்பாட்டிலும் நான் கேட்டதில்லை. அப்படி ஒருவனைப் பற்றி எந்தப் பாட்டுக்காரரும் உடுக்கை எடுத்திருக்க மாட்டார். போதை வியாபாரி அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்கிறார், நாமும் பழக்கத்தில் கையெடுக்கிறோம். அரசு அவரைத் தேடுகிறது என்பதாலேயே அவர் மதுரை வீரன் ஆகிவிட மாட்டார். தாத்தா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "வயிறு பார்த்தவன் தெய்வம்தான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் இங்கே பதிகிறேன்.

சினிமாவும் தொடரும் பாட்டும்தான் இதற்குக் காரணம் என்கிறார்களே?

ஆசையைத் தூண்டுகின்றன, சரி. ஆனால் எஸ்கோபார் தொடரைப் பார்த்த பணக்கார வீட்டுப் பையன் அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். வேலையில்லாத வீட்டுப் பையன் தெருக்கோடிக்குப் போகிறான். டிவியை அணைத்துவிட்டால் தீராது.

கூட்டமே தண்டித்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடாதா?

முடியாது. 1996 ஆகஸ்ட் 4 அன்று கேப் டவுனில் பாகாட் என்ற போதை எதிர்ப்பு இயக்கத்தின் கூட்டம், மேலே சொன்ன ஸ்டேகி சகோதரர்களில் ஒருவரான ரஷாத் ஸ்டேகியைச் சுட்டு, எரித்துக் கொன்றது. அவர்களும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்தான், கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சில வருடத்தில் அந்த இயக்கத்தின் பெயர் நகரத்துக் குண்டுவெடிப்புகளோடு சேர்த்துப் பேசப்பட்டது. மானன்பர்க்கில் போதை விற்பனை நிற்கவில்லை. ஒரு தலை போனால் அந்த இடத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள், நடுவில் சாவது தெருவில் விளையாடும் குழந்தை. ஷால்க்ராஸில் எரிந்த அந்த இருவரைப் பெற்றவர்களும் எங்கேயோ இருக்கிறார்கள். செத்தவருக்காக அழுத நாம் அதை நினைக்கவில்லை.

கோயிலுக்கும் பள்ளிக்கும் அவர்கள் கொடுக்கும் நன்கொடையை வாங்கலாமா?

வாங்கக் கூடாது என்பது என் கருத்து. சொல்வது சுலபம், செய்வது கடினம் என்றும் தெரியும். கூரை ஒழுகுகிறது, காவடி வருகிறது, வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அம்பாளுக்கே கணக்குக் கேட்கிறாயா என்பார்கள். ஆனால் ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது அவர் பெயரை மைக்கில் வாசித்து, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தால், கீழே நிற்கும் பதினாலு வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருபது வருடம் பாடம் நடத்திய ஆசிரியைக்கு அந்த மாலை கிடைத்ததில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

கோயில்கள் செய்யக் கூடிய வேறு வேலை இருக்கிறது. சாவுச் செலவுக்கு ஒரு நிதி, மாதம் வீட்டுக்கு இருபது ராண்ட். கட்டண விலக்குப் படிவத்தை நிரப்பித் தர ஞாயிறு காலையில் இரண்டு பேர். லைட் வெட்டினால் நகரசபைக்குப் போய்த் தவணை பேச ஒருவர். எடுப்பாகத் தெரியாத வேலைகள்தான். ஆனால் மெர்ச்சண்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இதே வேலைகள்தான்.

போலீசும் அரசும் என்ன செய்கின்றன?

சட்டம் இருக்கிறது. 1992இன் போதைப்பொருள் சட்டம், 1998இன் அமைப்பு ரீதியான குற்றத் தடுப்புச் சட்டம், குற்றத்தில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரம், எல்லாம் உண்டு. ஆனால் தெருவில் பார்ப்பது சின்னப் பையன்களின் கைது. வியாபாரி வீட்டில் போலீஸ் வண்டி நின்றுவிட்டு வெறுமனே திரும்புவதைக் குழந்தைகள்கூடப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். நேர்மையான அதிகாரிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. பறிமுதலான சொத்தில் ஒரு பங்கு அந்தந்தத் தெருவுக்கே விளையாட்டு மைதானமாக, சிகிச்சை மையமாகத் திரும்பி வந்து, அதன் மேல் ஒரு பலகையும் இருந்தால், யார் கொடுத்தார்கள் என்ற பேச்சு மாறும்.

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. ஒரு வியாபாரிக்கு ரன்னர் வேலை, அதாவது சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, செய்கிறான். "அங்கிள் என்னைப் பார்த்துக்கொள்வார்" என்கிறான். நான் என்ன செய்வது?

முதலில் அந்த அங்கிளைத் திட்டாதீர்கள். திட்டினால் அவன் அவர் பக்கம் நின்று பேசுவான், பேசப் பேச அதையே நம்புவான். அவனிடம் கேளுங்கள்: போன வருடம் அவருக்கு ஓடியவன் இப்போது எங்கே? பிடிபட்ட பையனுக்கு வக்கீல் யார் வைத்தது? அவருடைய சொந்தப் பிள்ளையும் தெருமுனையில் நின்று விற்கிறதா? பதிலை அவனே தேடட்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குழந்தைகளை வைத்துப் போதை விற்பது 2005இன் குழந்தைகள் சட்டப்படி குற்றம். அதில் குற்றவாளி அந்தப் பெரியவர். பையன் பிடிபட்டால் 2008இன் சிறார் நீதிச் சட்டப்படி, வழக்குக்குப் போகாமல் திருத்தத் திட்டத்துக்கு அனுப்ப வழி உண்டு. முதல் நாளே சமூகப் பணியாளரைக் கேளுங்கள், எதிலும் அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம். குழந்தைகளுக்கான சைல்ட்லைன் எண் 116, கட்டணம் இல்லை.

விற்பதோடு அவன் புகைக்கவும் செய்கிறான் என்றால், பூட்டி வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். ரோஸ்டாவை மருத்துவ உதவியோடு கடப்பதுதான் நல்லது. டர்பனில் போதைப் பழக்கத்துக்கு உதவும் சான்கா அமைப்பின் சிகிச்சை மையம் இருக்கிறது. சமூக மேம்பாட்டுத் துறையின் போதை உதவி எண் 0800 12 13 14. அவன் வர மறுத்து, தனக்கோ வீட்டுக்கோ ஆபத்தாகிவிட்டால், 2008இன் போதைத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டப்படி, நெருங்கியவர் அரசு வழக்கறிஞரிடம் சத்தியப் பத்திரம் கொடுத்து நீதிமன்றம் மூலம் சிகிச்சையில் சேர்க்கக் கேட்கலாம்.

அந்த வியாபாரிக்கு அவன் கடன்பட்டிருக்கிறானா என்பதையும் விசாரியுங்கள். பல பையன்கள் விட நினைத்தும் விடாதது அதனால்தான். அந்தப் பேச்சுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ ஊர் மதிக்கும் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, பகலில் போங்கள். மிரட்டல் வந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லும் கிரைம் ஸ்டாப் எண், 08600 10111. பெயர் சொல்ல வேண்டியதில்லை.